முட்டு தற்காலிகம், உயிர் தற்காலிகமா?

மாடி எழும்பும்போது ஊரே அண்ணாந்து பார்க்கிறது. திறப்பு விழாவில் நாடா வெட்டுகிறார்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்கிறார்கள். ஆனால் அந்த மாடிக்கு வானம் தோண்டியவன் யார், எத்தனை அடி ஆழத்தில் நின்று தோண்டினான், அவன் தலைக்கு மேலே நின்ற மண்ணை எது தாங்கிப் பிடித்தது என்று கேட்பார் இல்லை. அதைத்தான் இன்று நாம் கேட்க விரும்புகிறோம்.

மண் சும்மா கிடக்கும் பொருள் அல்ல. தோண்டாதவரை ஒரு பக்கத்தை மறுபக்கம் தாங்கி நிற்கிறது. நடுவே குழி வெட்டியதும் அந்தத் தாங்கல் போய்விடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து மண் குழியை நோக்கித் தள்ளத் தொடங்குகிறது. ஆழம் கூடக் கூடத் தள்ளுதலும் கூடும். மழைத் தண்ணீர் ஊறினால் இன்னும் கூடும். பக்கத்துச் சாலையில் லாரி ஓடினாலும், வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்தாலும் அந்தப் பாரமும் சேரும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை உள்ளது. மார்பளவு மூடினாலே போதும், மூச்சு நின்றுவிடும்.

இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. சிறிய கடைக்காலுக்குக் கரையைச் சரிவாக வெட்டலாம். பலகையும் சட்டமும் வைத்து முட்டுக் கொடுக்கலாம். ஆழமான வேலைக்கு இரும்புத் தகடுகளை அடித்து இறக்குகிறார்கள். நெருக்கமாகப் பைல் இறக்குகிறார்கள். தோண்டுவதற்கு முன்பே மண்ணுக்குள் கான்கிரீட் சுவர் வார்க்கிறார்கள். பிறகு தோண்டத் தோண்ட, எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே இரும்பு உத்தரங்களை அடுக்கடுக்காக முட்டுக் கொடுக்கிறார்கள். வித்தை இருக்கிறது, கருவி இருக்கிறது, படித்த பொறியாளர்களும் இருக்கிறார்கள். பிறகு ஏன் மண் சரிகிறது?

சிங்கப்பூரில் நடந்ததைப் பார்ப்போம். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கட்டட வேலைக்குப் போகும் நாடு அது. சட்டத்துக்கும் ஒழுங்குக்கும் பெயர் பெற்ற நாடு. அங்கே நிக்கல் நெடுஞ்சாலை ஓரத்தில், நிலத்தடி ரயிலின் வட்டப் பாதைக்காக 30 மீட்டருக்கும் மேல் ஆழமான பள்ளம் தோண்டினார்கள். கடலைத் தூர்த்து எடுத்த நிலம். அடியிலே மெத்தென்ற கடற்களிமண். இரு பக்கமும் கான்கிரீட் சுவர். நடுவே பத்து அடுக்கு இரும்பு முட்டு என்பது திட்டம். ஒன்பது அடுக்கு வைத்தாகிவிட்டது. பத்தாவதை வைக்குமுன், 2004-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி மாலை 3.30 மணி அளவில் பள்ளம் இடிந்து விழுந்தது. நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே உள்ளே போயிற்று. நான்கு பேர் மாண்டார்கள். தம் ஆட்களை மேலே ஏற்றி அனுப்பிய ஃபோர்மன் ஒருவர் தாம் மேலே வரவில்லை. அவர் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

இது இயற்கையின் சீற்றமா? இல்லை என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. 2005-ம் ஆண்டு வெளியான அதன் அறிக்கையைத் தொழிலாளி ஒவ்வொருவரும் அறிய வேண்டும். களிமண்ணின் வலுவைக் கணக்கிலே கூட்டிப் போட்டார்கள். அதனால் சுவர்மேல் விழும் பாரம் குறைத்துக் காட்டப்பட்டது. முட்டும் அதைத் தாங்கும் கிடை உத்தரமும் சேரும் மூட்டு, தாங்க வேண்டிய பாரத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் தாங்கக் கூடியதாக இருந்தது. ஒன்பதாம் அடுக்கில் அந்த மூட்டுத்தான் முதலில் நசுங்கியது.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சுவர் வளைவதை அளவுக் கருவிகள் முன்கூட்டியே காட்டின. அபாய எல்லையைத் தாண்டியபோது வேலையை நிறுத்தவில்லை, எல்லையைத்தான் உயர்த்தினார்கள்! காய்ச்சல் கண்டவனுக்கு மருந்து கொடுக்காமல், ஜுரமானியில் கோட்டைத் தள்ளிப் போடுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? விபத்து நடந்த அன்று காலையிலேயே இரும்பு முறுகும் சத்தம் கேட்டது. உத்தரம் நெளிந்திருப்பதைக் கண்ணாலும் கண்டார்கள். காலைக்கும் மாலைக்கும் இடையே பல மணி நேரம் இருந்தது. பள்ளத்தைக் காலி செய்ய அது போதாதா?

முட்டு தற்காலிக வேலை, கட்டடம் முடிந்ததும் கழற்றி எறிவதுதானே என்பது காண்ட்ராக்டர் கணக்கு. ஆகவே கடைசியில் சிக்கனம் பிடிக்கும் இடமும் அதுவே. முட்டு தற்காலிகம்தான், ஒப்புக்கொள்கிறோம். அதன் நிழலில் நிற்பவன் உயிருமா தற்காலிகம்?

இங்கே நம் ஊரில் 30 மீட்டர் வேண்டாம். பத்தடிப் பள்ளமே ஆளை விழுங்குகிறது. பாதாளச் சாக்கடைக்கும், கடைக்காலுக்கும், பக்கத்து மனையை ஒட்டிய அடித்தளத்துக்கும் முட்டில்லாமல் ஆளை இறக்குவதை நாள்தோறும் காண்கிறோம். 1996-ம் ஆண்டு கட்டடத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. 1998-ம் ஆண்டின் மத்திய விதிகளில் தோண்டும் வேலைக்கெனத் தனி அத்தியாயமே எழுதினார்கள். ஏட்டில் எழுதியது பள்ளத்தின் அடிவரை இறங்கிற்றா என்பதே கேள்வி.

நாம் கேட்பது அதிகமில்லை. ஆள் உயரத்தைத் தாண்டும் பள்ளத்தில் முட்டோ சரிவோ இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. வெட்டிய மண் விளிம்பைவிட்டுத் தள்ளியே கொட்டப்பட வேண்டும். ஏறி வர ஏணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரிய பள்ளங்களில், முட்டின் கணக்கைக் காண்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்காத பொறியாளர் சரிபார்க்க வேண்டும். அளவுக் கருவி காட்டுவதை உள்ளே நிற்பவனுக்கும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையை நிறுத்தும் உரிமை பள்ளத்தில் இருப்பவனுக்கு வேண்டும். நிறுத்தியதற்காக அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது. கூலி போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை எந்த எச்சரிக்கையும் காதில் ஏறாது.

தோழர்களே! இறங்குமுன் கரையைப் பாருங்கள். விளிம்பில் வெடிப்பு ஓடியிருக்கிறதா? இரவு மழை பெய்ததா? முட்டு நெளிந்திருக்கிறதா? இருந்தால் இறங்காதீர்கள், பக்கத்தில் நிற்பவனையும் இறங்க விடாதீர்கள். ஒருவன் மறுத்தால் மேஸ்திரி வேறு ஆளைத் தேடுவான். எல்லோரும் சேர்ந்து மறுத்தால் அவன் முட்டுப் பலகையைத் தேடித்தான் ஆக வேண்டும்.