வீட்டுக்காரர் வீட்டில் இருக்க வேண்டும்!

அமெரிக்காவில், நியூயார்க் நகரில் ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டில் ஓர் அறையை வெளியூர்க்காரருக்கு நாலு நாள் வாடகைக்கு விடலாம். ஆனால் அந்த நாலு நாளும் வீட்டுக்காரரும் அதே வீட்டில் தங்கி இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு மேல் தங்க வைக்கக்கூடாது. உள் அறைக் கதவுகளில் சாவி போட்டுப் பூட்டும் பூட்டு இருக்கக்கூடாது!

"என் வீடு, என் அறை! இதில் நகரசபைக்கு என்ன வேலை?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? அங்கேயும் அப்படித்தான் கேட்டார்கள். கோர்ட்டு வரை போனார்கள்.

என்னைக் கேட்டால், அந்தச் சட்டம் பெரும்பாலும் நியாயமானது. ஓர் இடத்தில் மட்டும் அது ஏழையையும் பணக்காரரையும் ஒரே கயிற்றில் கட்டி விட்டது.

காற்று மெத்தை

2007-ம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரில் இரண்டு வாலிபர்கள் வாடகை கொடுக்க முடியாமல் தவித்தார்கள். அப்போது அந்த ஊரில் ஒரு மாநாடு நடந்தது. ஓட்டல்கள் எல்லாம் நிரம்பி விட்டன. வாலிபர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் காற்று அடைத்த மெத்தைகளைப் போட்டார்கள். காலைச் சாப்பாடும் உண்டு என்று விளம்பரம் செய்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். ஆளுக்கு 80 டாலர்!

அடுத்த ஆண்டு அதுவே ஒரு கம்பெனி ஆயிற்று. "ஏர்பிஎன்பி" என்று பெயர். இன்று உலகம் முழுவதும் செல்போனிலேயே இந்த மாதிரி அறை பிடிக்கிறார்கள். கம்பெனி வீடு கட்டுவது இல்லை. வீட்டுக்காரரையும் வெளியூர்க்காரரையும் சேர்த்து வைத்துக் கமிஷன் வாங்குகிறது.

ஆரம்பத்தில் இதில் ஒரு குற்றமும் இல்லை. பிள்ளைகள் வேலைக்குப் போய் விட்டார்கள், ஓர் அறை சும்மா கிடக்கிறது, அதை விட்டு நாலு காசு பார்க்கிறார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

பிறகு வியாபாரிகள் வந்தார்கள். ஒருவரே ஐந்து வீடு, பத்து வீடு என்று பிடித்தார். அந்த வீடுகளில் யாரும் குடி இருக்கவில்லை. மாத வாடகைக்கு விட்டால் கிடைப்பதை விட, நாள் வாடகைக்கு விட்டால் அதிகம் கிடைத்தது. குடும்பம் நடத்த வேண்டிய வீடு, பெயர்ப் பலகை இல்லாத ஓட்டல் ஆயிற்று. பக்கத்து வீட்டில் தினமும் ஒரு புது முகம். படியில் இரவெல்லாம் பெட்டி இழுக்கும் சத்தம்.

100-க்கு ஒன்றரை கூட இல்லை

நியூயார்க்கில் வாடகை வீடு எவ்வளவு பஞ்சம் தெரியுமா? 2023-ம் ஆண்டில் நகரசபை கணக்கு எடுத்தது. வாடகை வீடுகளில் காலியாக இருந்தவை 100-க்கு 1.41 தான்! 1968-ம் ஆண்டுக்குப் பிறகு இவ்வளவு குறைந்தது இல்லை. இந்த நிலையில், குடி இருக்கிற வீடுகளை வியாபாரிகள் சுருட்டிக்கொண்டால் சம்பளக்காரன் எங்கே போவான்?

சட்டம் முன்பே இருந்தது. மூன்று குடும்பங்களோ அதற்கு மேலோ வசிக்கிற கட்டடத்தில், குடி இருப்பவர் கூட இல்லாமல் 30 நாளைக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்று 2010-ம் ஆண்டிலேயே மாநில அரசு சொல்லி விட்டது. 2016-ல் அப்படிப்பட்ட வீடுகளுக்கு விளம்பரம் செய்வதையும் தடுத்தது. ஆனால் பிடிப்பது எப்படி? அதிகாரி ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர், "நான் அவருடைய மச்சான்" என்று சொன்னால் என்ன செய்வது?

2022-ல் வந்த "உள்ளூர்ச் சட்டம் 18" இந்த முடிச்சை அவிழ்த்தது. இப்போது வீட்டுக்காரர் மேயரின் இலாகாவில் மனுப் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 145 டாலர். பதிவு எண் கொடுப்பார்கள். அந்த எண் சரியானதா என்று பார்க்காமல் கம்பெனி பணம் வாங்கக்கூடாது. வாங்கினால் ஒவ்வொரு தடவைக்கும் 1,500 டாலர் வரை அபராதம்! வீட்டுக்காரருக்கு 5,000 டாலர் வரை அபராதம். வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள வீடுகளுக்குப் பதிவே கிடையாது.

2023 ஜூன் மாதம் ஏர்பிஎன்பி கம்பெனி வழக்குப் போட்டது. ஆகஸ்டில் நீதிபதி தள்ளுபடி செய்தார். செப்டம்பர் 5-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது.

பூட்டு விஷயமும் விளையாட்டு அல்ல. புதிதாக வந்தவருக்கு அந்த வீட்டில் படி எங்கே, வாசல் எங்கே என்று தெரியாது. நடு இரவில் தீப்பிடித்தால்? ஆகவே எல்லா அறைக்கும் போக வழி இருக்க வேண்டும், வெளியேறும் வழியைப் படம் போட்டு மாட்ட வேண்டும் என்கிறார்கள்.

எங்கே இடிக்கிறது?

புருக்ளின், குவீன்ஸ் பகுதிகளில் இரண்டு குடும்பம் இருக்கத்தக்க சிறிய வீடுகள் நிறைய உண்டு. மாடியில் வீட்டுக்காரர் இருக்கிறார். கீழ்ப் பகுதி காலி. கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். கீழ்ப் பகுதியை நாலு நாள் விடலாமா? கூடாது! கீழ்ப் பகுதி தனி வீடாம். அவர் மாடியில் இருந்தால் "கூட இருப்பது" ஆகாதாம். ஒரே கூரை, ஒரே வாசல்படி, ஆனாலும் குற்றம்!

கணவன், மனைவி, வயதான தாயார் என்று மூன்று பேர் வந்தாலும் ஒரு வீட்டில் தங்க முடியாது. பத்து அறை இருந்தாலும் இரண்டு பேர்தான். அவர்கள் ஓட்டலுக்குத்தான் போக வேண்டும். ஓட்டல் முதலாளிகள் இந்தச் சட்டத்தைக் கண்டு அழுததாகத் தெரியவில்லை!

சிறிய வீட்டுக்காரர்களுக்கு விதியைத் தளர்த்தும்படி 2024 நவம்பரில் நகர மன்றத்தில் ஒரு மசோதா வந்தது. ஓட்டல் தொழிலாளர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. "கதவைக் கொஞ்சம் திறந்தால் கம்பெனிகள் நுழைந்து விடும்" என்றார்கள். அந்தப் பயம் பொய் அல்ல. ஆனால் கையில்தான் பதிவுப் புத்தகம் இருக்கிறதே! அதே கட்டடத்தில் குடி இருக்கும் சொந்தக்காரருக்கு மட்டும், ஒருவருக்கு ஒரு வீடு என்று அனுமதித்தால், மீறுகிறவரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மசோதா, வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோதும் விடலாம் என்று கேட்டது. அதை நான் ஏற்கமாட்டேன். வீட்டுக்காரர் இருக்கட்டும், மாடியில் இருந்தாலும் போதும்.

"சட்டம் வந்தும் வாடகை குறையவில்லையே?" என்று சிலர் கேலி செய்கிறார்கள். உண்மை, குறையவில்லை. ஓட்டையை அடைத்தால் தொட்டியில் இருக்கிற தண்ணீர் நிற்கும். தொட்டி நிரம்ப வேண்டுமானால் புது வீடுகள் கட்ட வேண்டும். அது வேறு வேலை.

மகன், மகளைப் பார்க்க நியூயார்க் போகிற நம் ஊர்ப் பெற்றோர் இதற்காகப் பயப்பட வேண்டாம். சொந்தப் பிள்ளை வீட்டில் வாடகை இல்லாமல் தங்குவதற்குப் பதிவு தேவை இல்லை. 30 நாளோ அதற்கு மேலோ வாடகைக்கு எடுத்தாலும் இந்தச் சட்டம் வராது. சில நாள் தங்க ஒரு வீட்டில் அறை பிடிப்பதாக இருந்தால், விளம்பரத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாமல், "பணத்தை என் கையில் தனியாகக் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால், முன்பணம் அனுப்பாதீர்கள்.