பட்டமா, பதிவேடா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பண்டகசாலைகளில் மிளகும் சுக்கும் அரிசியும் முன்போல் மலையாய்க் குவிவதில்லை என்றாலும், அந்த மூட்டைகளை வாலிபம் முழுவதும் தோளில் ஏற்றி இறக்கிய சுமட்டுத் தொழிலாளிகள் தேய்ந்த முழங்காலோடும் பிசகிய இடுப்போடும் இன்னும் எங்கள் தெருக்களில்தான் வாழ்கிறார்கள். அவர்களும், டச்சுக்காரர் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டதாகத் தங்கள் பூர்வோத்தரம் சொல்லும் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவின் தமிழ் வண்ணார் குடும்பத்தாரும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துவிட்ட முதியோரும், முன்பு எண்ணெய் தேய்த்து உருவிவிடும் உழிச்சில் ஆசானைத் தேடிப் போனதுபோல் இன்று பிசியோதெரபிஸ்டைத் தேடிப் போகிறார்கள். தேடிப் போகிற இடத்தில் யார் இருக்கிறார், அவருடைய யோக்கியதை என்ன, தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பவைதாம் அவர்களுக்குத் தெரியாதவை.

‘கரண்ட் வைக்கப் போகிறேன்’ என்றுதான் நம் ஜனங்கள் இந்தச் சிகிச்சையைச் சொல்கிறார்கள். ஈரம் ஊறிய கனத்த விரிப்பைத் தலைக்கு மேல் ஓங்கிக் கல்லில் அடித்தே தோளைத் தேய்த்துக்கொண்ட ஒருவர் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கற்றவர், அவருடைய கையை மெல்ல உயர்த்தச் சொல்லி, எந்த உயரத்தில் வலி ஆரம்பிக்கிறது, முதுகுப் பக்கத்துத் தோள்பட்டை எலும்பு கூடவே சுழல்கிறதா, கழுத்திலிருந்து இறங்கும் வலியா, மூட்டிலேயே பிறந்த வலியா என்று பரீட்சித்து, அவர் செய்யும் வேலையை விசாரித்து, நாளைக்குத் துணியை எப்படித் தூக்க வேண்டும் என்பது வரையில் சொல்லிக் கொடுக்கிறார். கல்லாதவர் இயந்திரத்தின் பட்டைகளைத் தோளில் ஒட்டிவிட்டு, கைபேசியோடு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். இருவரும் வாங்குவது ஏறக்குறைய ஒரே கட்டணம்; இருவரும் தரிப்பது ஒரே வெள்ளைக் கோட்டு.

வேறு பல சிகிச்சைகளில் இல்லாத ஓர் அந்தரங்கம் இதில் உண்டு. வாரக்கணக்கில், பல சமயம் வீட்டுக்கே வந்து, மூடிய அறையில், தன்னால் புரண்டு படுக்கவும் முடியாத ஒரு சரீரத்தை அன்னியர் ஒருவரின் கைகள் தொட்டுத் திருப்பி எழுப்புகின்றன. ஆதலால் சம்மதம் கேட்டுத் தொடுவதும், ஸ்திரீகளின் கூச்சத்தை மதிப்பதும், ஐந்து நாளில் முடிவதைப் பதினைந்து நாள் ‘பேக்கேஜ்’ ஆக்காதிருப்பதும், நோயாளியை அனுப்பிவைத்தவருக்குக் கமிஷன் கொடுக்காதிருப்பதும், தம்மால் தீராத நோயைத் தாமதமின்றி வைத்தியரிடம் திருப்பி அனுப்புவதும் இந்தத் தொழிலுக்கு உயிர்நிலையான தர்மங்கள்.

இதை நன்றாக உணர்ந்தவர்கள் லண்டனில் இருந்த நான்கு தாதிகள். மசாஜ் என்ற பேரில் ஆபாச வியாபாரம் நடப்பதாக வைத்தியப் பத்திரிகை எழுதி ஊரே சந்தேகக் கண்ணோடு பார்த்த 1894ஆம் ஆண்டில், அவர்கள் தங்கள் மானத்தைக் காத்துக்கொள்ள, பின்னாளில் பிசியோதெரபிஸ்டுகளின் சங்கமாக வளர்ந்த ஒரு சங்கத்தை ஸ்தாபித்தார்கள். எங்களுக்கு இன்ன அதிகாரம் வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே, வைத்தியரின் உத்தரவின்றிச் சிகிச்சை செய்வதில்லை, பொதுப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்வதில்லை, நோயாளிகளுக்கு மருந்து விற்பதில்லை என்று தங்களுக்குத் தாங்களே விலங்கு பூட்டிக்கொண்டார்கள். அந்தச் சங்கம் 1920இல் அரச சாசனம் பெற்றது. அதன் விதிகளிற் சில இன்று பழசாகிவிட்டன. கட்டுப்பாட்டை முதலில் ஏற்று, கௌரவத்தைப் பிறகு பெற்ற அந்த வரிசைக்கிரமம் பழசாகவில்லை.

நம் நாட்டில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் 1953இல் பிசியோதெரபிப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1955இல் இந்தியப் பிசியோதெரபிஸ்டுகள் சங்கம் பிறந்தது. 1967இல் அது பிசியோதெரபிஸ்டுகளின் உலக சம்மேளனத்தில் சேர்ந்தது. டெல்லி 1997இல் தனக்கென்று ஒரு கவுன்சில் சட்டம் செய்துகொண்டது. தேசம் முழுமைக்குமான சட்டமோ 2021இல்தான் வந்தது. தேசிய ஆணையம், மாநிலக் கவுன்சில்கள், பதிவேடு, ஒழுக்க விதி, பதிவில்லாமலே பதிவு பெற்றதாகச் சொல்லிக்கொள்பவருக்குத் தண்டனை ஆகிய யாவும் அதில் இருக்கின்றன. இருந்தும் அது ஏட்டிலேயே கிடந்ததைக் கண்டு, உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் இரண்டு மாதக் கெடு விதித்து, செயல்படுத்துமாறு சொல்ல நேர்ந்தது.

இவ்வளவு காரியம் பாக்கியிருக்க, 2025இல் தேசமெங்கும் விவாதம் கிளம்பியது ‘டாக்டர்’ என்ற பட்டத்தைப் பற்றி. பிசியோதெரபிஸ்டுகள் அதைப் பேருக்கு முன்னால் போடலாகாது என்று செப்டம்பரில் மத்திய அரசின் சுகாதார இயக்குநரகம் கடிதம் எழுதி, மறுநாளே திரும்பப் பெற்றுக்கொண்டது. கல்வியும் உழைப்பும் உடையவர்கள் சமமரியாதை கேட்பதில் பிழையில்லை. வைத்தியர்களுக்குக் கீழ்ப்பணியாளராய் நடத்தப்பட்ட மனக்குறை நியாயமானதே. ஆயினும், கொச்சிக்கு அக்கரையில் வைப்பின் தீவின் செறாயில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1954இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த அந்த அம்மையார், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, பிறகு அயல்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அதற்கென ஒரு துறையையும் 1966இல் ஒரு நிலையத்தையும் உண்டாக்கினார். வைத்தியரும் பிசியோதெரபிஸ்டும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் ஒரே நோயாளியைச் சுற்றி ஒன்றுகூடி உழைக்க வேண்டும் என்பதே அத்தகைய நிலையத்தின் அடிப்படை. முதுகு முறிந்து அங்கே வருபவருக்கு வேண்டியது தம்மை எழுப்பி உட்காரவைக்கும் கை.

ஆகவே என் அபிப்பிராயம் இது: பட்டத்துக்காகச் செலவிடும் சக்தியில் பாதியையாவது பிசியோதெரபிஸ்டுகளின் சங்கங்கள் பதிவேட்டுக்காகச் செலவிட வேண்டும். சில மாதச் சான்றிதழோடு பலகை மாட்டுகிறவர்களைப் பற்றி அவர்களே முன்வந்து புகார் தர வேண்டும்; தம் உறுப்பினரே தவறினாலும் மூடி மறைக்காமல் விசாரிக்க வேண்டும். அரசு, பதிவேட்டை எவரும் எளிதில் பார்க்கும்படி வைத்து, முறையீட்டு முகவரியை ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் மலையாளத்தில் மட்டுமன்றி, எங்கள் பகுதியிலாவது தமிழிலும் எழுதிவைக்கச் செய்ய வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிகிச்சை மேஜையில் படுக்குமுன், பிசியோதெரபியில் பட்டப்படிப்பு படித்தவரா, எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று கேளுங்கள். முறையாகப் படித்தவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். கேட்டதற்கே கோபிக்கிறவரிடம் உங்கள் தோளைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.