மூன்றாவது சுற்று யாருடையது?

ஜெர்மனியில் இரண்டு ஃபிராங்க்ஃபர்ட் உண்டு. ஒன்று விமானம் மாறுகிறவர்கள் அறிந்த பெரிய நகரம். மற்றொன்று போலந்து எல்லையில், ஓடர் நதிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். 2019 ஆகஸ்டில் அந்தச் சின்ன ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த ஜூனியர் உலக டிராக் சைக்கிள் போட்டியில், ஆண்கள் டீம் ஸ்பிரின்ட் தங்கத்தை மூன்று இந்தியப் பையன்கள் வென்றார்கள். ரோஜித் சிங், ரொனால்டோ சிங் இருவரும் மணிப்பூர்க்காரர்கள். மூன்றாமவர் அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பன்.

மேடையில் மூன்று கழுத்துகளுக்கும் ஒரே எடையில் மூன்று பதக்கங்கள். அதில் வம்பில்லை. அடுத்த போட்டிக்கு ஆள் எடுக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வெற்றியில் யார் பங்கு எவ்வளவு?

டீம் ஸ்பிரின்ட் பார்க்கச் சுலபமான பந்தயம். 250 மீட்டர் பாதையில் மூன்று சுற்று, மூன்று ஆட்கள். முதல் சுற்றில் முன்னால் போகிறவர் சுற்று முடிந்ததும் பாதையின் மேல்பக்கம் ஏறி ஒதுங்கிவிடுவார். இரண்டாமவர் இரண்டாம் சுற்றை இழுத்துக்கொடுத்துவிட்டு அவரும் ஒதுங்குவார். மூன்றாமவர் மட்டும் கோட்டைத் தாண்டுவார். அவர் தாண்டும் கணம்தான் அணியின் நேரம். புகைப்படத்தில் விழுவதும் அவர்தான்.

முதல் ஆள் நின்ற நிலையிலிருந்து சைக்கிளை உந்தி எடுக்கிறார். பின்னால் வரும் இருவருக்கும் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறார். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் கருவி தனித்தனியாகத்தான் பதிவு செய்கிறது. ஆனால் மூன்றாம் சுற்றின் நேரம் மூன்றாமவருக்கு மட்டும் சொந்தமா? முன்னால் போன இருவரும் கொஞ்சம் மந்தமாகப் போயிருந்தால் அவர் எந்த வேகத்தில் அந்தச் சுற்றைத் தொடங்கியிருப்பார்? சுற்றுக்குச் சுற்று எண் இருக்கிறது. ஆளுக்கு ஆள் எண்தான் இல்லை.

இதே தலைவலி கூடைப்பந்துக்கும் உண்டு. சொல்லப்போனால் அங்கே இன்னும் அதிகம். கூடையில் பந்தைப் போட்டவர் பெயர் ஸ்கோர் ஷீட்டில் ஏறுகிறது. அவருக்கு வழிவிட எதிராளியை உடம்பால் மறித்து 'ஸ்கிரீன்' போட்டவர் பெயர் ஏறுவதில்லை. எதிரணியின் நட்சத்திரத்தைக் கூடைக்கு எட்டாத தூரத்திலேயே நிறுத்தி வைத்தவருக்கும் அதே கதிதான். அந்த வேலைக்குக் கட்டமே கிடையாது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் பிளஸ்-மைனஸ் கணக்கு. ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் தன் அணி எடுத்த புள்ளிகளிலிருந்து எதிரணி எடுத்ததைக் கழிக்க வேண்டும். அவர் கூடை போட்டாரா, ஒரு மூலையில் நின்றாரா என்பது கேள்வியே இல்லை. அவர் இருந்தபோது என்ன நடந்தது? அவ்வளவுதான்.

ஒரு கல்லூரி ஆட்டம் 68-64 என்று முடிந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 22 புள்ளி எடுத்தார். மறுநாள் பத்திரிகையில் அவர் பெயர்தான் வரும். அவர் ஆடிய 28 நிமிடத்தில் அணி எடுத்தது 45, கொடுத்தது 49. அவர் கணக்கு மைனஸ் 4. இன்னொருவர் எடுத்தது வெறும் 4 புள்ளி. அவர் களத்திலிருந்த 20 நிமிடத்தில் அணி எடுத்தது 38, கொடுத்தது 27. பிளஸ் 11. ஸ்கோர் ஷீட் ஒரு கதை சொல்கிறது. கூட்டல் கழித்தல் வேறு கதை சொல்கிறது.

இந்த யோசனை பிறந்தது பனிக்கட்டி மேல். கனடாவின் மான்ட்ரியல் அணி 1950-களிலேயே ஐஸ் ஹாக்கியில் இதைப் பயன்படுத்தியது. 1970-71 சீசனில் பாஸ்டன் அணியின் பாபி ஓர் பிளஸ் 124 எடுத்தது இன்றும் முறியாத சாதனை. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் இந்த எண் அச்சேறத் தொடங்கியது 2007-08 சீசனில். 2009-ல் எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ், ஹூஸ்டன் அணியின் ஷேன் பேட்டியர் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 2001-ல் டியூக் பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்த அணியில் இருந்தவர் பேட்டியர். தொழில்முறை ஆட்டத்தில் அவர் எடுத்த புள்ளிகள் சுமார்தான். ஆனால் அவர் இறங்கினால் தன் அணி சரியாக ஆடும், எதிரணி தடுமாறும். கண்ணுக்குத் தப்பிய இந்த விஷயம் கணக்குக்குத் தப்பவில்லை.

அப்படியானால் ஆளெடுக்கும் வேலை முடிந்தது என்று நினைத்தால், இல்லை. இந்த எண்ணுக்கும் ஒரு குணம் உண்டு: அது சேர்க்கையைப் பொறுத்தது. நல்ல நாலு பேரோடு களத்தில் நின்றவர் தானாகவே பிளஸ் வாங்குவார். எதிரணி தன் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்த நேரத்தில் இறங்கியவரும் வாங்குவார். எதிரணியில் ஒருவர் குத்துமதிப்பாக விட்டெறிந்த மூன்று மூன்று-புள்ளிப் பந்துகள் கூடையில் விழுந்தால், அந்த நேரத்தில் நின்ற ஐவரும் ஆளுக்கு 9 புள்ளி இழக்கிறார்கள். அவர்கள் செய்த தப்பு, அங்கே நின்றதுதான்.

சேர்க்கையின் பலனைத் தனியாகப் பிரிக்க முடியுமா? டிபன் கடை பில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் இரண்டு இட்லி, ஒரு வடை சாப்பிட்டு 35 ரூபாய் கொடுத்தார். அடுத்தவர் இரண்டு இட்லி, இரண்டு வடைக்கு 50 ரூபாய் கொடுத்தார். விலைப்பட்டியலைப் பார்க்காமலேயே வடை 15, இட்லி 10 என்று சொல்லிவிடலாம். கூடைப்பந்திலும் ஒவ்வொரு ஆள் மாற்றத்துக்கும் இடைப்பட்ட நேரம் ஒரு பில். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், புள்ளி வித்தியாசம் இவ்வளவு. நூற்றுக்கணக்கான பில்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஆளுக்கு என்ன 'விலை' என்று கணக்குப் போடலாம். இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் வேய்ன் வின்ஸ்டனும் ஜெஃப் சாகரினும் டல்லாஸ் அணிக்காக இப்படி ஒரு முறையை உருவாக்கினார்கள். 2004-ல் டான் ரோசன்பாம் என்ற பொருளாதார நிபுணர் இதைப் பொதுவில் விளக்கினார். சரிக்கட்டிய பிளஸ்-மைனஸ் என்று இதற்குப் பெயர்.

ஆனால் கடைக்கு வருகிற எல்லோரும் எப்போதும் இரண்டு இட்லி ஒரு வடை 'செட்' மட்டுமே கேட்டால்? ஆயிரம் பில் சேர்ந்தாலும் வடை விலை தெரியாது. எப்போதும் சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே வெளியேறும் இரண்டு ஆட்டக்காரர்கள் விஷயமும் இதுதான். ஒரே மூவர் எப்போதும் ஒரே வரிசையில் போகும் சைக்கிள் அணியிலும் இதுவேதான். ஒருவரை மாற்றிப் பார்த்தால் மட்டுமே யார் பங்கு எவ்வளவு என்பது வெளியே வரும்.

கல்லூரி ஆட்டத்தில் இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. ஆட்ட நேரம் 40 நிமிடம். அணியில் பத்துப் பேர் இருந்தாலே ஐவர் ஐவராக 252 விதத்தில் இறக்கலாம். பன்னிரண்டு பேர் என்றால் 792. வருஷத்துக்கு 30 ஆட்டம் ஆடினால் மொத்தம் 1,200 நிமிடம். 252 சேர்க்கைக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஐந்து நிமிடம்கூட வராது. ஐந்து நிமிட ஆட்டத்தை வைத்து ஐந்து பேரைத் தீர்மானிப்பது, ஒரு பருக்கையை வைத்துப் பானையை மட்டுமல்ல, வயலையே எடைபோடுவது மாதிரி. அதனால்தான் கணக்கு தெரிந்தவர்கள் குறைந்த நேரம் ஆடியவரின் எண்ணை அப்படியே நம்பாமல் பூஜ்யத்தை நோக்கிக் கொஞ்சம் இழுத்து வைக்கிறார்கள். ஆட்டம் கூடக் கூட அந்தப் பிடி தளரும்.

முப்பது ஆட்டம் ஆடும் கல்லூரிக்கே இந்தப் பாடு என்றால், கடலுக்கு நடுவே இருக்கும் கல்லூரிக்கு?

அந்தமானின் தலைநகருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பழைய வாசகர்களுக்கு அது போர்ட் பிளேர். அங்கிருந்து சென்னைக்குக் கப்பல் பயணம் ஏறக்குறைய மூன்று நாள். 1967-ல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி அந்த ஊரில்தான் இருக்கிறது. நெடுங்காலம் அது இணைந்திருந்ததோ கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு. கார் நிக்கோபாரிலிருந்து வரும் மாணவருக்கு அந்த ஊரே ஒரு கடல் பயணம். இப்படிப்பட்ட இடத்தில் வெளி அணிகளோடு ஆடும் ஆட்டம் அரிது. தெரிந்த முகங்களோடு திரும்பத் திரும்ப ஆடி எடுத்த புள்ளிக்கு வெளியே என்ன மதிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தத் தீவுகள் இந்தியாவுக்குத் தந்த பெரிய பெயர்கள் சைக்கிளில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கார் நிக்கோபாரின் டெபோரா ஹெரால்டுக்கு 2004 டிசம்பர் சுனாமியின்போது ஒன்பது வயது. ஐந்து நாள் மரத்தில் தங்கி, இலையும் பட்டையும் தின்று பிழைத்தவர். பிறகு தலைநகரில் உள்ள 'சாய்' மையத்தில் சைக்கிள் பழகி, 2015-ல் 500 மீட்டர் டைம் டிரயல் உலகத் தரவரிசையில் நான்காம் இடம் வரை போனார். டைம் டிரயலில் ஆள் தனி, பாதை தனி, கடிகாரம் தனி. தீவில் ஓடினாலும் டெல்லியில் ஓடினாலும் விநாடி ஒன்றுதான். ஈசோ ஆல்பனும் அணியோடு தங்கம் வாங்குவதற்கு முந்தைய ஆண்டே, 2018-ல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் ஜூனியர் உலகப் போட்டியின் கெய்ரின் பந்தயத்தில் தனி ஆளாக வெள்ளி வென்றுவிட்டார். உலக சைக்கிள் போட்டிகளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அவர் யார் என்பதைத் தனியாக ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ள விளையாட்டில் வழி இருந்தது.

அதே தீவின் கூடைப்பந்து மாணவருக்கு அந்த வழி இல்லை. அவர் ஸ்கிரீன் போடுவதில் சூரர் என்பதை எந்தக் கடிகாரமும் சொல்லாது. தேர்வுப் பந்தயத்தில் ஒரு பிற்பகல். முன்பின் பார்த்திராத ஒன்பது பேரோடு ஓர் ஆட்டம். அதில் பந்து கைக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் அடுத்த கப்பல்.

பிளஸ்-மைனஸ் கணக்கு இங்கே உதவுமா? உதவும், ஓர் எல்லைக்குள். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஒவ்வொரு ஆள் மாற்றத்தின்போதும் நேரம், புள்ளி நிலவரம், உள்ளே போனவர், வெளியே வந்தவர் என்று நாலு விஷயத்தைக் குறித்தால் சரி. வெளியே உட்கார்ந்திருக்கும் மாணவர் ஒருவர் செய்துவிடலாம். நிமிடத்தைவிட, பந்து எத்தனை முறை கைமாறியது என்று எண்ணினால் இன்னும் நல்லது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பெரிய பயிற்சியாளர் டீன் ஸ்மித், கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுமுன்பே அப்படித்தான் எண்ணினார். பயிற்சி ஆட்டங்களில் ஒருவரை மட்டும் மாற்றி மற்ற நால்வரையும் அப்படியே வைத்தால், வடை விலையும் மெதுவாகத் தெரிய வரும்.

ஆனால் அந்த நோட்டு தீர்ப்புச் சொல்லும் புத்தகம் ஆகிவிடக் கூடாது. நாலு ஆட்டத்தில் மைனஸ் 15 வாங்கியவரை நீக்குவதற்கு அது ஆதாரமில்லை. நாலு புள்ளி மட்டும் எடுத்து பிளஸ் 11 வாங்கியவரை அடுத்த ஆட்டத்தில் கண்ணெடுக்காமல் பார்ப்பதற்கு அது நல்ல காரணம். எங்கே பார்க்க வேண்டும் என்று எண் காட்டும். பார்க்கிற வேலை பயிற்சியாளருடையது. என்ன ஆட்டம் ஆடினாலும் பெயர் வராத பையனுக்கு இந்த ஒரு பார்வை கிடைப்பதே பெரிய விஷயம்.

2022 காமன்வெல்த் போட்டிக்குப் போன இந்திய சைக்கிள் அணியில் ரொனால்டோவோடு டேவிட் பெக்காம் என்ற பெயரும் இருந்தது. இந்த டேவிட் பெக்காமும் கார் நிக்கோபார்க்காரர்தான். கால்பந்துப் பெயரைச் சுமந்துகொண்டு சைக்கிளுக்கு வந்தவர். கால்பந்தில் கோல் அடித்தவர் பெயரைத்தான் ஊர் பிள்ளைகளுக்கு வைக்கிறது. கோலுக்கு முன்னால் பந்தை மீட்டுக் கொடுத்தவர் பெயரை யார் வைக்கிறார்கள்?

தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். சக்கரத்துக்கடியில் கட்டை போட்டுக்கொண்டு குனிந்தே நடக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் இல்லாத வருஷம் தேர் திருப்பத்தில் நிற்கும்போதுதான் ஊர் அவரைத் தேடும். பிளஸ்-மைனஸ் செய்வதும் அதுதான்: ஒருவர் இல்லாதபோது என்ன ஆயிற்று என்று கேட்டுக் குறித்து வைப்பது. குறித்து வைத்த நோட்டு ஒன்று இருந்தால், அவரை அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பும் முன் யாராவது ஒருவர் அதைப் புரட்டிப் பார்க்கலாம்.