விளைஞ்சது எவ்வளவு? விவசாயி கையில் நின்னது எவ்வளவு?



கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோன்னு ஒரு கவுண்டி. நம்ம மாவட்டம் மாதிரி. பாதாம், திராட்சை, பால், மாடுன்னு ஒவ்வொன்றின் ஆண்டு மதிப்பையும் அங்கே அறிக்கையாக வெளியிடுகிறார்கள். சட்டப்படி அது கட்டாயம். 2023-ல் மொத்தம் 800 கோடி டாலருக்கு மேல்!

ஆனா ஏமாந்துடாதீங்க. அது மொத்த மதிப்பு, லாபம் இல்லை. கூலி, தண்ணீர், உரம், வண்டி வாடகை எதுவும் அதில் கழிக்கப்படவில்லை. மதிப்பு ஏறிய வருஷத்திலும் விவசாயி கடனாளி ஆகலாம்.

நம்ம மாவட்டங்களிலும் நெல், பால், முட்டைன்னு இப்படி ஒரு கணக்கு வரட்டும். பக்கத்திலேயே சாகுபடிச் செலவும் வரட்டும். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கேளுங்கள்.

விளைச்சலைக் காட்டிப் பெருமை பேசுறவங்க, செலவையும் சேர்த்தே சொல்லட்டும்!