தண்டோரா நின்றது, தகவல் யாருக்குப் போகிறது?

என் தாத்தா தண்டோரா போட்டவர். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில், இன்று ஷிப்ட் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கும் ஒரு பகுதியில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் 'அது அந்த ஊர்ப் பிரச்சினை' என்று சுருக்கிவிடுவார்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தெலுங்கும் கன்னடமும், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்கிற அருந்ததியர் குடும்பங்கள் நாங்கள். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தாலுகா ஆபீசிலிருந்து தலையாரி கொண்டுவரும் சேதியை ஒருமுறை காதில் வாங்கிக்கொண்டு மூன்று மொழியிலும் பிசகாமல் சொல்வார்.

என்னவெல்லாம் சொன்னார் என்று அப்பாவிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். வரி கட்டக் கடைசி நாள். அம்மை ஊசி போட வருகிறார்கள். ஆற்றில் தண்ணீர் திறக்கிறார்கள், மாட்டை இறக்காதீர்கள். ஏரி மீன் குத்தகை ஏலம். மாரியம்மன் தேர் எந்தெந்தத் தெரு வழியாக வரும். ஏலத்தை அறிவித்தவர் ஏலத்தில் போய் நிற்க முடியாது. தேர் வரும் தெருக்களின் பட்டியலில் அவருடைய தெரு இருக்காது. வராது என்று தனியாக அறிவிக்க வேண்டிய அவசியம்கூட ஊருக்கு இருந்ததில்லை. ஊருக்கே சேதி சொன்ன மனிதர் எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

அதனால் 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறிவியல் இவ்வளவு வளர்ந்த காலத்தில் இது எதற்கு, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி ஊரெங்கும் சொல்லலாமே என்பது அந்தக் கடிதத்தின் சாரம். சென்னையில் விடுதியில் இருந்தேன். அப்பாவுக்குப் போன் போட்டேன். "நல்லதுதான்டா. இனிமே யாரு வந்து சொல்லுவாங்க?" என்றார். அவருடைய கேள்வியை அன்றைக்கு நான் காதிலேயே வாங்கவில்லை. மூன்று ஆண்டு கழித்துத்தான் எனக்கு அது புரிந்தது.

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எங்கள் பக்கம் தேர்தலுக்கு வருகிறது. மற்ற சேதிகளெல்லாம் வாட்ஸ்ஆப் குழுவில் வருகின்றன. எங்கள் வார்டுக்கும் ஒரு குழு இருக்கிறது. தண்ணீர் எப்போது வரும், எந்தத் தெருவில் சாலை போடுகிறார்கள், மின்தடை எத்தனை மணிக்கு, சொத்துவரி முகாம் எங்கே, நாய்க்கு ஊசி போடுவது எப்போது, எல்லாமே அதில்தான். நடத்துகிறவர் பக்கத்து லேஅவுட்காரர். உறுப்பினர்களும் பெரும்பாலும் அந்த லேஅவுட்டில் வீடு கட்டிக் குடிவந்தவர்கள். தொழிற்சாலை வேலை, பெங்களூருக்குத் தினமும் போய்வரும் ஐ.டி. வேலை. எங்கள் தெருவிலிருந்து அந்தக் குழுவில் இருப்பது நான் ஒருவன் மட்டும். பள்ளித் தோழன் சேர்த்துவிட்டான். நானோ ஊரிலேயே இல்லை.

கடந்த கோடையில் ஒருநாள் குழுவில் சேதி வந்தது: கூட்டுக்குடிநீர்க் குழாயில் உடைப்பு, நான்கு நாள் தண்ணீர் வராது, முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளவும். லேஅவுட்டில் சம்ப்பை நிரப்பிக்கொண்டார்கள், டேங்கருக்குச் சொல்லி வைத்தார்கள். எங்கள் தெருவில் இரண்டு நாள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தெருக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால் நூலகத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்த செய்தி, குழாயடியில் நின்ற அம்மாவுக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரான அத்தைதான் மூன்றாம் நாள், லேஅவுட்டில் குப்பை வாங்கப்போன வீட்டுக்காரம்மா சொல்லித் தெரிந்துகொண்டு வந்து தெருவுக்குச் சொன்னார். தாத்தா செய்த வேலையை அத்தை செய்திருக்கிறார், கூலி இல்லாமல்.

இந்தப் பகுதியில் தண்ணீர்ச் சேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்று வெளியூர்த் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் கறைபட்டு, எலும்பு வளைந்து ஒரு தலைமுறையே அவதிப்பட்டது. அதற்காகத்தான் ஜப்பான் நிறுவனத்தின் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல், 2013 மே மாதம் தொடக்கம். பள்ளத்தில் ஓடும் காவிரியை எடுத்து, யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர்வரை கட்டம் கட்டமாக மேலேற்ற வேண்டும். வழியில் மின்சாரம் போனாலும் குழாய் உடைந்தாலும் கடைசித் தெருவில் காற்றுதான் வரும். எங்கள் தெரு எப்போதும் கடைசித் தெரு. சம்ப் இருக்கிறவனுக்கு முன்னறிவிப்பு ஒரு வசதி. ஐந்து குடம் மட்டும் இருக்கிறவளுக்கு அன்றைய வேலைக்குப் போவதா, கூலியை விடுவதா என்பதே அதை வைத்துத்தான்.

ஆறு இருக்கிறதே என்று கேட்பீர்கள். தென்பெண்ணை பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டு எல்லை தாண்டி கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் வெண்ணுரை மலைபோல எழும்புவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மதகு திறக்கும் எச்சரிக்கையும் இப்போது குழுக்களில்தான் பறக்கிறது.

இனி இன்னொரு சேதி. சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அதே குழுவில் ஒருநாள் காலை, வடிகால் அடைப்பு என்று ஒருவர் படம் போட்டார். செயலியிலும் புகார் பதிந்திருந்தார். மாலைக்குள் 'சரிசெய்யப்பட்டது' என்று பதில் படம் வந்தது. இடுப்புவரை கறுப்புத் தண்ணீருக்குள் ஒரு உடம்பு. கையுறை இல்லை, காலணி இல்லை. தலையும் இல்லை, சட்டகத்துக்கு வெளியே போயிருந்தது. முழங்கையில் இருந்த பச்சையை வைத்துத்தான் அது என் அத்தை மகன் என்று கண்டுபிடித்தேன். அந்தப் படத்துக்குக் கீழே கைதட்டல்கள், கட்டைவிரல்கள், 'ஒரே நாளில் தீர்வு, நன்றி அண்ணா' என்று கவுன்சிலருக்குப் பாராட்டு. அவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்ல. அதில் ஒருவர் என் பள்ளி ஆசிரியர்.

அந்த வடிகால் காகிதத்தில் மழைநீர் வடிகால். உண்மையில் லேஅவுட்டின் செப்டிக் டேங்க் குழாய்கள் பலவும் அதில்தான் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. 2013ஆம் ஆண்டின் கைகளால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம், சுகாதாரமற்ற கழிப்பறையிலிருந்து மலம் வந்து விழும் திறந்த வடிகாலையும் சேர்த்தே பேசுகிறது. கழிவுநீர்க் குழாயையோ செப்டிக் டேங்கையோ பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்யவைத்தால், முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம் அல்லது இரண்டும். 'மழைநீர் வடிகால்' என்று பெயர் எழுதிவிட்டால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. குற்றத்துக்கான சாட்சி ஒரு சேவையின் சான்றாக மாறி, கைதட்டும் வாங்கிவிடுகிறது. சாக்கடை மரணங்கள் பற்றி நாடாளுமன்றத்தில் அளிக்கப்படும் கணக்குகளில் தமிழ்நாடு மீண்டும் மீண்டும் முன்வரிசையில் வருவதையும், உயிரிழப்புக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்ததையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

புகார் செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. அடைப்பு அடைப்புதான், கொசு எல்லாரையும்தான் கடிக்கும். ஆனால் 'இருபத்து நாலு மணி நேரத்தில் தீர்வு' என்ற கெடு யார் முதுகில் ஏறுகிறது? உறிஞ்சும் வண்டி வர மூன்று நாள் ஆகுமென்றால், கெடுவைக் காப்பாற்ற ஒப்பந்தக்காரர் ஒரு ஆளைத்தான் இறக்குவார். மறுத்தால் மறுநாள் வேலை இல்லை. 2022இல் வந்த அரசாணை 152, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் இதுபோன்ற வேலைகளை வெளிமுகமைக்குக் கொடுக்கும் வழியை அகலமாகத் திறந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தபோது, நகரவாசிகளில் பலருக்கு வந்த 'அப்டேட்' என்னவோ, இன்று குப்பை வண்டி வராது என்பதுதான். ஏன் வராது என்பதற்கு அந்தச் செயலியில் இடம் இல்லை. நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அகற்றிய பிறகு, சேவை வழக்கம்போல் தொடரும் என்று சொல்லப்பட்டது.

தகவலைத் தருவதும் மறைப்பதும் சாதிக்குப் பழகிய வேலைகள். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்றது. எத்தனை சேரிகளுக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்தது? அந்தத் தாளை வாசிக்கக்கூடியவர்கள் யாரோ, அவர்களிடம்தானே கிணறும் இருந்தது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லைக்கு அந்தப்புறம், ஆந்திரத்தில் 1994இல் எழுந்த மாதிகா இயக்கம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'தண்டோரா'. ஊருக்காக அடித்த பறையைத் தங்கள் கோரிக்கைக்காக அடித்தார்கள். உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை அதன் ஓசை ஓயவில்லை. தமிழ்நாட்டு அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்கும் அந்தத் தீர்ப்புதான் காவல். (தாத்தா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.)

ஆகவே தண்டோரா திரும்பி வரட்டும் என்று யாரும் என்னைத் திரித்துப் படிக்க வேண்டாம். அந்த வேலை ஒழிந்தது நல்லது. அந்த வேலையைச் செய்தவர்களின் தெருவுக்குச் சேதி போகும் வழியும் சேர்ந்து ஒழிந்ததுதான் சிக்கல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நாம் மனு போடும் சட்டமாக மட்டுமே பார்க்கிறோம். அதன் 4ஆம் பிரிவு, மனு இல்லாமலே அரசு தானாகச் சொல்ல வேண்டியவற்றைப் பற்றியது. 4(4) இன்னும் தெளிவானது: செலவு, உள்ளூர் மொழி, அந்தப் பகுதியில் எந்த முறையில் சொன்னால் மக்களுக்குப் போய்ச்சேரும் என்பதையெல்லாம் கணக்கில் கொண்டு தகவலைப் பரப்ப வேண்டும் என்கிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் எல்லாவற்றையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஒரு தனியாரின் வாட்ஸ்ஆப் குழு அந்தப் பட்டியலில் இல்லை. அவர் நினைத்தால் என்னை நாளைக்கே நீக்கலாம். இந்தக் கட்டுரை வந்த பிறகு நீக்கவும்கூடும்.

தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிற, இப்போது ஒடியாவும் இந்தியும் சேர்ந்துகொண்ட ஒரு எல்லை நகரத்தில் 'உள்ளூர் மொழி' என்றால் என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். நான் தமிழில் முனைவர் பட்ட ஆய்வு எழுதுகிறவன்; தமிழ்மீதான பற்றில் குறை வைக்காதவன். ஆனாலும் குளோரின் அதிகமாகிவிட்டது, இன்று குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே என்ற சேதியை என் அம்மாவுக்குத் தெலுங்கில் சொல்வதால் தமிழுக்கு ஒன்றும் ஆகிவிடாது. தேர்தல் ஆட்டோ நான்கு மொழியில் பேசுகிறது.

பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது. கிராம சபை போல நகரத்துக்கு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார். எங்கள் பகுதியில் அது எப்போது, எங்கே நடந்தது என்று தெருவில் கேட்டுப் பார்த்தேன். லேஅவுட் கிளப் ஹவுசில் ஒருமுறை நடந்ததாம். படங்கள் குழுவில் இருக்கின்றன, பிளாஸ்டிக் நாற்காலிகளும் சமோசாவும் தெரிகின்றன. அங்கே போகக்கூடாது என்று யாரும் எங்களைத் தடுக்கவில்லை. காவலாளி வைத்த கேட்டுக்குள் குப்பை வண்டியோடு மட்டுமே போய்ப் பழகியவர்கள் நாற்காலியில் உட்காரப் போவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். பெயர் மாறும் அதே தெருவில் அடுத்த பகுதி சபையை நடத்தச் சொல்லிக் கேட்பதும் அதன் தொடர்ச்சிதான். லேஅவுட்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்து உட்காரட்டும்.

போன மாதம் அத்தையும் நானும் அத்தை மகனும் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினோம். கேட்டது நான்கு: எங்கள் பகுதிக்குக் குடிநீர் நிறுத்த அறிவிப்புகள் எந்த முறையில் தரப்படுகின்றன, கடந்த ஓராண்டில் செயலியில் முடித்துவைக்கப்பட்ட வடிகால் புகார்களுக்கு அனுப்பப்பட்ட இயந்திரங்களின் விவரம், அந்த நாட்களில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்த கையுறை, காலணியின் ரசீதுகள், பகுதி சபை நடந்த தேதியும் இடமும். மூன்றாவது கேள்வியை அத்தை மகன்தான் சேர்க்கச் சொன்னான். பெயர் போட வேண்டாம், ஒப்பந்தக்காரர் பார்த்துவிடுவார் என்றும் சொன்னான். மனு என் பெயரில்தான் போயிருக்கிறது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். இன்றைக்கு இருபத்தியிரண்டாவது நாள்.