காவலனை அமர்த்துவது யார்?

மருத்துவம் உயிர்காக்கும் தொழில். தகுதியற்றார் கை அதிற் படாதிருக்கச் சட்டவழி அமைந்த காவல் வேண்டும். தமிழ்மண்ணில் அக்காவலை நிறுவியது 1914ஆம் ஆண்டுச் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம். தகுதியுடையாரைப் பதிவேட்டில் ஏற்றவும், நெறி பிறழ்ந்தாரை நீக்கவும் அதன்வழி வந்த மன்றம் ஆற்றல் பெற்றது.

1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவ மன்றச் சட்டமோ, மாநிலந்தோறும் பதிவுபெற்ற மருத்துவரும் பல்கலைக்கழகங்களும் தம் பேராளரைத் தாமே தேர்ந்தனுப்ப வழிவகுத்தது. அம்மன்றத்தின்மீது ஊழற் குற்றச்சாட்டு எழுந்ததை நாம் மறைக்கவில்லை. 2010இல் அது கலைக்கவும் பட்டது. ஆனால், தலைநோவுக்குத் தலையையே அரிதல் மருத்துவமாகுமா?

2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2020 செப்டம்பர் 25இல் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. உறுப்பினர் 33 பேர். தலைவரையும் பகுதிநேர உறுப்பினரையும் அமர்த்துவது நடுவணரசே. மாநிலங்கள் பெயர்களை முன்மொழியலாம். எல்லா மாநிலங்களுக்கும் ஒருங்கே இடமில்லை. கொள்கை பற்றிய நடுவணரசின் கட்டளைக்கு ஆணையம் கட்டுப்பட வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. எது கொள்கை என்பதை முடிவு செய்வதும் அவ்வரசே! நம் மாநில மன்றம் ஒரு மருத்துவர்மேல் எடுக்கும் நடவடிக்கை குறித்த மேல்முறையீடும் தில்லிக்கே செல்கிறது.

காவலற்ற தொழில் தீது. காவலனே கைப்பாவையாதல் அதனினும் தீது. மாநிலந்தோறும் மருத்துவர் தேர்ந்தனுப்பும் ஓர் இருக்கை வேண்டும். நாம் கேட்பது சலுகையன்று, பறிபோன உரிமை!