கடன் வாங்கிக் காமிராவா?

வித்துராவைத் தாண்டிப் பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளில், கழுத்தில் பெரிய காமிராவைத் தொங்கவிட்டவர்களைக் காணலாம். அதைப் பார்த்து ஆசைப்பட்டுத் தவணைக் கடனில் இறங்கும் இளைஞர்கள் சற்று யோசிப்பது நல்லது.

உள்ளே ஆடி இல்லாத 'மிரர்லெஸ்' காமிரா உயர்ந்ததுதான். சோனி 2018-ல் வெளியிட்ட ஏ-7 மூன்றாம் மாடலில் படம் பதியும் சில்லு 36-க்கு 24 மில்லிமீட்டர் அளவு. அதே கம்பெனி 2012-ல் வெளியிட்ட சட்டைப்பைக் காமிரா ஆர்.எக்ஸ்.100-ல் 13.2-க்கு 8.8தான், பரப்பில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. மங்கிய வெளிச்சத்தில் பெரியதே ஜெயிக்கும். கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவருக்கு அது முதலீடு.

மற்றவர்களுக்கு? பெரியது லென்ஸ் இல்லாமலே 650 கிராம். லென்ஸுக்குத் தனிப் பணம். சிறியது லென்ஸோடு 240 கிராம்.

போணக்காடு தேயிலைத் தோட்ட லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவை தமிழ்க் குடும்பங்கள். பாழடைந்து வரும் அந்த வீடுகளும், அங்கே கொழுந்து பறித்த பாட்டிமார் முகங்களும் படமாக வேண்டாமா? அதற்குப் பகல் வெளிச்சமும் சிறிய காமிராவும் போதும். எடுத்த படத்தை அச்சிட்டு, பின்புறம் பெயரும் தேதியும் எழுதி வைப்பதே முக்கியம். கடன் பத்திரத்தை விட அந்தப் படமே பிள்ளைகளுக்குச் சொத்து.